ஸ்பூனுக்குப் பின்னால் ஒரு சிங்கம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் மேல்மாடியில் வசிக்கும் ஸ்டெல்லா அக்கா, வீடு மாறுவதற்காக வேண்டாத பொருள்களைக் கழித்துக்கொண்டிருந்தார். கறுத்துப்போன சில ஸ்பூன்களை என்னிடம் காட்டி, "எங்கப்பா வெள்ளின்னு சொல்லித்தான் குடுத்தாரு. நீ படிச்சவ, கொஞ்சம் பாரேன்" என்றார்.

கொலுசு வாங்கும் பழக்கத்தில் வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 என்ற எண்ணை நான் தேடினேன். அது இல்லை. காம்பின் பின்புறத்தில், நடக்கும் சிங்கமும், ஓர் ஆங்கில எழுத்தும், ஒரு பெண்ணின் தலையும் பொறிக்கப்பட்டிருந்தன.

"வெள்ளி இல்லக்கா. ஏதோ கம்பெனி சீல்."

"அப்போ அப்பா என்கிட்டயே பொய் சொல்லிட்டாரா?" என்று சிரிக்க முயன்றார்.

அந்த முகம் உறுத்தவே, பிற்பகலில் இணையத்தில் தேடினேன். சிங்கம், இங்கிலாந்தில் தரமான வெள்ளிக்கு இடும் முத்திரை. தலை, விக்டோரியா ராணியுடையது. வரி செலுத்தியதற்கான அடையாளம். எழுத்து, ஆண்டைக் குறிப்பது. நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட அசல் வெள்ளி அது.

மாடிக்கு ஓடினேன். பழைய பொருளுக்குப் பாத்திரம் தரும் வண்டிக்காரரிடம் ஸ்பூன்களைப் போட்டு, அக்கா வடிதட்டு வாங்கியிருந்தார். வடிதட்டோடு இருவரும் தெருமுனைக்கு ஓடினோம். நல்லவேளை, வண்டி இன்னும் அங்கேதான் நின்றது.

"இன்னாக்கா, வடிதட்டுல ஓட்டை கீதா?" என்று அவர் கேலி செய்தார்.

"ஸ்பூன் வெள்ளியாம்ப்பா. எங்கப்பா குடுத்தது."

அவர் மூட்டையை அவிழ்த்தார். "அப்பா குடுத்தத யாராச்சும் போடுவாங்களாக்கா? எடுத்துக்கோ. தட்டக் குடு."

திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி போயிருந்தால், என் அரைகுறைத் தீர்ப்பால் ஒரு மகள் தன் தந்தையைக் காலமெல்லாம் பொய்யர் என்றே எண்ணியிருப்பார்.

இப்போதெல்லாம் பிறர் பொருளைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, "தெரியலக்கா" என்பதே என் பதில்.