லேபிளின் பின்பக்கம்

அச்சகத்தில் முழுநாள் வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டது படம் வரைவதற்காகத்தான். பாதிச் சம்பளத்தில் வாழ வேண்டும் என்று தெரிந்தே செய்தேன். பஸ்ஸை விட்டுச் சைக்கிளுக்கு வந்தேன். புதுச்சேலை எடுப்பதை நிறுத்தினேன். பேப்பருக்குச் செலவே கிடையாது. பட்டாசு லேபிள் அச்சடிக்கும்போது நிறம் சரியாகும்வரை ஓடிக் கழியும் தாள்களைக் கேட்டு வாங்கி வருவேன். ஒரு பக்கம் லேபிள், மறுபக்கம் சுத்த வெள்ளை.

ஆமத்தூர் ரோட்டில் ஒரு சீமைக்கருவேல மரம். தினமும் காலை ஆறேகாலுக்கு அதன் எதிரே உட்கார்ந்து, மைப்பேனாவால் ஒரு தாள் வரைவேன். மூலையில் தேதி. ஒரே மரம், ஒரு வருஷம் முழுக்க என்பது திட்டம். பதினோரு மாதம் முடிந்திருந்தது. தூசி படக்கூடாதென்று படத்தைக் கீழே பார்க்க வைத்து, லேபிள் பக்கம் மேலே தெரிய, ஓரம் தட்டி அடுக்கியிருந்தேன்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால் அடுக்கு இல்லை.

பக்கத்து வீட்டில் தம்பி மனைவி வெடிக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கழிவுத்தாளில் பசை தடவி, கம்பியில் சுற்றி உருவுகிற வேலை.

"ஏத்தா, என் பேப்பர் கட்டை எடுத்தியா?"

"வேஸ்ட் லேபிள்தான மதினி? அவசர ஆர்டர், தாள் பத்தலை. அம்புட்டும் உருட்டியாச்சு."

"பின்பக்கம் பார்க்கலையா?"

"குழாய் உருட்டுறவ எவ பின்பக்கம் பார்த்தா? லேபிள் மேல இருந்தா எடுத்து உருட்ட வேண்டியதுதான்."

ஈரம் காயாத குழாய் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மை கரைந்து நீலத் தண்ணீராக விரலில் வழிந்தது. அவள் முகம் செத்துவிட்டது. "மதினி, தெரியாமப் போச்சே" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வந்தது தம்பிமேல். சாயங்காலம் வந்து நின்று சிரிக்கிறான்.

"நல்ல பேப்பர்ல வரைஞ்சிருந்தா எவளாச்சும் தொட்டிருப்பாளாக்கா? குப்பையில வரைஞ்சா குப்பைக்குத்தான் போகும். மரம் அங்கனதான நிக்குது, திரும்ப வரைங்க."

மரம் நிற்கிறது. ஐப்பசி மழையில் அது கறுத்து நின்ற காலை எங்கே நிற்கிறது? விலை கொடுத்து வாங்காத எதற்கும் மதிப்பில்லை என்று இவனுக்கு யார் சொன்னது? வாங்கினேனே! பாதிச் சம்பளத்தைக் கொடுத்து அத்தனை காலைகளையும் வாங்கினேனே. அது இவன் கண்ணுக்குச் செலவாகவே தெரியவில்லை.

"அங்கிட்டுப் போலே," என்றேன். போனான்.

மறுநாள் வழவழவென்று படம் வரைகிற நோட்டு ஒன்று வாங்கி வந்து வைத்தான். பையோடு திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அச்சகத்தில் மறுபடி கழிவுத்தாள் கேட்டு வாங்கினேன். செவ்வாய் ஆறேகாலுக்கு மரத்தின் எதிரே இருந்தேன். முதல் தாள், தேதி போட்டாயிற்று. இப்போது படம் மேலே தெரிய வைக்கிறேன். தூசி படட்டும்.