ஸோயி என்றால் உயிர்

"மெலிசா. தேனுக்குக் கிரேக்க பாஷைல 'மெலி'. அதுலருந்து மெலிசா, தேனீ. சுறுசுறுப்பா இருப்பா, வச்சுக்கங்க" என்று சொல்லியபடியே நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார் போதும்பொண்ணு. திருச்சுழிக் கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறார். வருகிறவர்களுக்கு அவர் வெறும் 'அக்கா'. பெயரை அவராகச் சொல்வதில்லை.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வருகிறவர்கள், சோதிடர் குறித்த முதலெழுத்தைக் காட்டி, ஊரில் யாரும் வைத்திராத பெயராகக் கேட்பார்கள். அவர்களுக்காகக் கணினியில் தேடி எழுதியவை அந்த நோட்டிலுள்ள இருநூறு கிரேக்கப் பெண்பெயர்கள். ஐரீன், அமைதி. குளோயி, பசுந்தளிர்; விளைச்சலைக் காக்கும் தெய்வத்தையும் அப்படி அழைத்தார்களாம். "பொட்டப்புள்ளய வேணாம்னு சொல்ற பேரு ஒண்ணுகூட இதுல கெடையாது" என்பார்.

நரிக்குடிப் பக்கத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவர். பெண் போதும், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று வைத்த பெயர் அது; வீட்டில் சுருக்கமாகப் 'போதும்'. இரண்டாம் ஆண்டே தம்பி பிறந்தான். பெயர் பலித்ததென்று ஊரே மெச்சியது. ஊராருக்கெல்லாம் பெயர்மாற்ற விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர், தமக்காக மூன்று முறை நிரப்பி, மூன்று முறையும் அழித்துவிட்டார். "நாப்பத்தாறு வயசாச்சு. இனி வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பவா போறேன்?"

சென்ற வாரம் முனீஸ்வரன் வந்தார். உடன் மனைவி மாரீஸ்வரி, அவள் தோளில் அவர்களின் மூன்றாவது பெண்.

"அக்கா, பேரு ஸ்டைலா இருக்கணும். ஆனா 'போதும்'னு அர்த்தம் வரணும். அப்பத்தான அடுத்தது பையனாப் பொறக்கும்? கிரீக்குல இருக்கா?"

மாரீஸ்வரி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

போதும்பொண்ணு நோட்டை மெல்லப் புரட்டினார். "இருக்கு தம்பி. ஸோயி."

"போதும்னுதான அர்த்தம்?"

"ஆமா."

ஸோயி என்றால் உயிர். ஒரு பெயரின் பொருளை அவர் மாற்றிச் சொன்னது அதுவே முதல் முறை. முனீஸ்வரன் மனம் மாறுவதற்குள் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்.

"நல்ல பேருக்கா. சர்ட்டிபிகேட்ல அது இருக்கட்டும். வீட்டுல போதும்னே கூப்பிட்டுக்கிறோம்."

ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், சிணுங்கிய குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"ஏ போதும், வா, பஸ்ஸு வந்துருச்சு."

கணினித் திரையில் அடுத்தவரின் விண்ணப்பத்தைத் திறந்துகொண்டிருந்த போதும்பொண்ணு, "ம்?" என்று நிமிர்ந்தார்.