செல்வமேரி அக்கா வைத்த மெழுகுதிரி

ஒரே ஒரு மலை. அந்த மலையில் ஒரே ஒரு கோயில். அந்தக் கோயிலுக்குள் மணல் நிரப்பிய ஒரே ஒரு இரும்புத் தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் சுரண்டும் கத்தியோடு நான். மெழுகுதிரி ஏற்றுவது பக்தி, உருகியதைச் சுரண்டுவது தொழில். எந்தக் கோயிலிலாவது இந்த வேலை பார்த்து நகக்கண்ணில் மெழுகு ஏறியவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது உங்கள் கதையும்தான்.

தட்டு நிரம்பும் நாள்

எங்கள் கோயில் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நாள், விடியும்போதே ஆள் வரும். ஆளுக்கு முன்னால் மூடுபனி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அந்த வெள்ளைக்குள் சுடர் மட்டும்தான் தெரியும், கொண்டுவந்தவர் முகம் தெரியாது. சுடர்களே நடந்து வந்து மணலில் நிற்பதுபோல இருக்கும். நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அதற்குள் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து, தட்டு முழுக்க மெழுகு ஓடிவிடும். ஒருநாள் ஃபாதர் வந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஒரு தந்திரம் பழகினேன். பாதி எரிந்ததை அணைத்துத் தகர டப்பாவில் போட்டுவிடுவது, பிறகு உருக்கிப் புதுசு வார்ப்பது. நீங்களும் செய்திருப்பீர்கள். ஃபாதர் அன்று கேட்டது இதுதான்: "புள்ள, இதுல மெழுகுதிரி வைக்கிறதா, தேயிலைக் கன்னு நடுறதா?"

கணேசன் அண்ணன்

ஆட்டோ ஓட்டும் கணேசன் அண்ணன் இந்து. ஆனாலும் செவ்வாய் தவறமாட்டார். மெழுகுதிரியை ஏற்றி, கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடுவதுபோலச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒருநாள் எனக்கு ஆசை வந்து, மறைக்கல்வி வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். மெழுகு இயேசுவின் உடல், உள்ளே ஓடும் திரி அவருடைய ஆன்மா, மேலே எரியும் சுடர் அவருடைய தெய்வீகம்.

மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சாவியை எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா எனக்கு ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துற ஹயர் இருக்கு, நிக்க முடியாது. நான் போனப்புறமும் இது எனக்காக இங்கயே நிக்குதில்ல, அதுக்குத்தான் வைக்கிறேன்."

அந்தச் செவ்வாய்

தோட்டத்து லயன் வரிசையில் கணேசன் அண்ணனின் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்வமேரி அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவர் புருஷன் சூசை அண்ணனுக்கு அன்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆப்பரேஷன். கணேசன் அண்ணன்தான் துணைக்கு இருந்தார். இரண்டு வாரமாக வேலைக்குப் போகாத அக்கா அன்று போயே ஆகவேண்டும். கொழுந்து மலைக்குப் போகிற வழியில் வந்து, கட்டைவிரல் தடிப்பில் ஒரு மெழுகுதிரியை நட்டார். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்க புள்ள." தலையை ஆட்டினேன்.

நாலரைக்கு, கொழுந்து பறிக்கும்போது சுற்றிக்கொள்ளும் ஈரப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினபடியே திரும்பி வந்தார். நேராகத் தட்டைப் பார்த்தார். மணலில் அது இல்லை.

தகரத்தைத் திறந்து காட்டினேன். "மத்தியானம் தட்டு நெறைஞ்சிடுச்சு அக்கா. பழக்கத்துல கை போயிடுச்சு. நான்தான் அணைச்சேன்."

அக்கா மிச்சத் துண்டை எடுத்து மணலில் குத்தினார். கொழுந்துக் கறை படிந்த விரல்களில் நெருப்புக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவதை நான் கிழித்தேன். "போனும் வரல," என்றார். "இனி நானே நிக்கிறேன்."

நானும் நின்றேன். பனி உள்ளே வந்து எங்கள் காலைச் சுற்றியது. சுடர் சாயும்போதெல்லாம் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரமோ, போன் அடித்தது. கணேசன் அண்ணன் கத்தியது எனக்கே கேட்டது: "அக்கா, கண்ணு முழிச்சிட்டாரு! பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

அக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க அக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுமே," என்று அழுதுகொண்டே சிரித்தார். நகரவில்லை. "கேக்கும்போது இத நிக்க வச்சிட்டு, கெடச்சதும் விட்டுட்டுப் போறதா புள்ள?"

திரி மணலைத் தொட்டு, ஒரு நூல் புகை எழும்பி நின்ற பிறகே சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து யார் வைத்ததையும் நான் அணைப்பதில்லை, தட்டில் இப்போது தேயிலைக் கன்று நடவும் இடமில்லை என்பதுதான் ஃபாதரின் குறை.