வியாழக்கிழமைதோறும் சாகிறவன்

ஆரின் ஸ்டப்ஸுக்குச் சாவதுதான் பிழைப்பு. முகமூடி வீரன் வரும் தொலைக்காட்சித் தொடரில் வியாழக்கிழமைதோறும் அவன் ஏதாவது ஒரு அக்கிரமம் செய்வான். கோச்சு வண்டியை மறிப்பான், மாடு திருடுவான், பண்ணைக்குத் தீ வைப்பான். கடைசியில் வீரன் சுடுவான். ஆரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூரையிலிருந்தோ குதிரையிலிருந்தோ விழுவான். அடுத்த வாரம் வேறொரு ஒட்டுமீசையோடு வந்து நிற்பான்.

இதில் அநியாயம் என்னவென்றால், முகத்தை மூடிக்கொண்டு திரிகிறவனைக் கலிபோர்னியாவே கொண்டாடுகிறது. மூடாத முகத்தோடு நடக்கிற ஆரினைக் கண்டால் வங்கிக் குமாஸ்தா இழுப்பறையைச் சாத்துகிறார். சவரக்கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கழுத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறார்.

அவனை மனிதனாக மதித்தவள் லவோன் ஒருத்திதான். கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள். கணவன் கொரியாச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. ஆரின் நொண்டிக்கொண்டு வந்தால் முழங்காலுக்கு ஐஸ், வயிற்றுக்குப் பீச் பழப் பலகாரம் என்று கவனிப்பாள். அவனைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதம். ஆனால் அப்பா ஜாஸ்பர் தலையாட்டாமல் நடக்காது என்று சொல்லிவிட்டாள்.

ஜாஸ்பர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சும் தண்டவாளம் மாதிரி நேராகத்தான் இருக்கும்.

"வாராவாரம் செத்துப்போறவனுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்கிறது?"

"அது சும்மா நடிப்புங்க."

"அவளுக்கு ஒருதரம் ஆனது போதும்."

ஆரின் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நேராக டைரக்டரிடம் போனான்.

"ஒரே ஒரு வாரம் என்னை உயிரோட விட்ருங்க."

"யோவ், நீ செத்தாத்தான்யா கதை முடியும்."

கெஞ்சிக் கூத்தாடி நல்லவன் வேஷம் ஒன்று வாங்கினான். மாவுக்கடைக்காரன். கடை வாசலில் நிற்க வேண்டும், வீரன் கொள்ளைக்காரனைச் சுட்டதும் தொப்பியைக் கழற்றி நன்றி சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும்.

அந்த வியாழக்கிழமை லவோன் கடையில் உட்கார இடமில்லை. ஜாஸ்பர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆரின் அடுக்களையில் தட்டுக் கழுவுகிற சாக்கில் ஒளிந்துகொண்டான். படம் பிடித்த அன்று நடந்தது அவனுக்குத்தானே தெரியும்.

திரையில் வீரன் துப்பாக்கியை உருவினான். டுமீல். குறி வைத்தது தெருக்கோடியில் நின்ற கொள்ளைக்காரனை. ஆனால் வெடிச்சத்தம் கேட்டதுதான் தாமதம், மாவுக்கடைக்காரன் நெஞ்சைப் பிடித்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், குதிரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். கொள்ளைக்காரன் தான் சாவதா வேண்டாமா என்று திகைத்து நின்றான்.

கடை கொல்லென்று சிரித்தது. "குண்டு படாமலே செத்துட்டான்யா" என்று வங்கிக் குமாஸ்தா மேஜையைத் தட்டினார். அடுக்களையில் ஆரினுக்கு உயிரே போய்விட்டது.

டைரக்டர் மகா கஞ்சன். பிலிம் வீணாகுமே என்று ஒன்றையும் வெட்டவில்லை. அதனால் மீதியும் ஓடியது. தொட்டியிலிருந்து ஒரு தலை மெல்ல எழுந்தது. தான் இந்த வாரம் சாகக்கூடாது என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. ஆரின் எழுந்து, காற்சட்டையைப் பிழிந்து, தொப்பியைத் தேடி எடுத்து, "ரொம்ப நன்றிங்க" என்று வீரனிடம் சொன்னான். முகமூடிக்குக் கீழே வீரனின் வாய் சிரிப்பை அடக்கிக் கோணியது.

ஜாஸ்பர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"இத்தன வருஷமா நீ விழுறத மட்டுந்தான்டா காட்டினானுங்க" என்றார். "விழுந்தவன் எந்திரிச்சு வந்தத இன்னிக்குத்தான் பாத்தேன்."

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கு என்னிக்கு வரலாம்னு பாதிரியாருட்ட கேளும்மா."