தட்டிப் பார்க்காத வீணை

கல்யாணமாகித் திண்டிவனத்தில் குடியேறிய வருஷம், என் மனைவிக்கு வீணை கற்றுக்கொள்ள ஆசை. பக்கத்துத் தெரு வாத்தியாரம்மா விஜயதசமியன்று மட்டும்தான் புதிதாக ஆள் சேர்ப்பார். "சொந்த வீணையோட வா. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முந்தின நாள், சரஸ்வதி பூஜையன்று, மலிவாகக் கிடைக்கும் என்று விழுப்புரத்தில் ஒரு வியாபாரி வீட்டுக்குப் போனேன். இரண்டு வீணைகள் இருந்தன. ஒன்று சாயம் போய், குடத்தில் ஒட்டுப் போட்டது. மற்றது புதுப் பெண்டாட்டி மாதிரி மினுமினுத்தது. வியாபாரி ஒரு கந்தலில் எச்சிலைத் துப்பி அதன் யாளி முகத்தைத் துடைத்தார். ஆனாலும் என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"தட்டிப் பாக்கலாங்களா?"

"பூஜைல வச்சி குங்குமம் வச்சாச்சிங்க. இன்னிக்கு வாத்தியத்தைத் தொடலாமா? நாளைக்கு வூட்டம்மா கையால மொத நாதம் வரட்டுங்க."

நியாயம்தானே என்று பட்டது. மண்பானையைக்கூட மூன்று தரம் தட்டி வாங்குகிறவன், வீணையைத் தட்டாமல் வாங்கினேன். பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து, வெயில் குடித்த வீணையைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

விடிந்ததும் அவள் குளித்துவிட்டு வந்து எடுத்தாள். தந்திக்கு அடியில் பதித்த பித்தளை மெட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாக வழிந்திருந்தன. தந்தி 'டப்' என்றது. வீணையின் சுரைக்குடுக்கையிலிருந்து கரப்பான்கள் இறங்கி, படைத்த பொரிகடலைக்குள் ஓடின. இன்றும் பொரியை வாயில் போட எனக்கு மனசு வருவதில்லை.

மெட்டைத் தொட்ட விரலை அவள் மோந்து பார்த்தாள். "மெட்டுக்கு அடில மெழுகா இது? ரோட்டுத் தாரு. ஏங்க, நல்லா மூக்கு இருக்குதே, மோந்துகூடவா பாக்கல?"

அதையே தூக்கிக்கொண்டு போனோம். வாத்தியாரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "அத்த வாசல்லியே வையி" என்றவர், அவள் கறுத்த கையைப் பார்த்தார். "கெரசின் போட்டுக் கழுவிக்கினு வா. இன்னிக்கு என் வீணைல ஆரம்பி. நாளைக்கு நீயே போய் வாங்கிக்கினு வா. அவர அனுப்பாத."

மறுநாள் நான் சுமைகூலியாகத்தான் கூடப் போனேன். வியாபாரி, "அம்மா, நல்ல நேரம் பாத்து..." என்று ஆரம்பிப்பதற்குள் சாயம் போன வீணையை மீட்டிவிட்டாள். கணீர் என்றது. அடியில் மோந்தாள், குடுக்கையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு தார் போகாத நகங்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வீணையை மாற்றிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நாங்கள் திருப்பிக் கொடுத்ததை மடியில் கிடத்திக்கொண்டு, கந்தலில் மறுபடியும் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார்.