பதினைந்து ஜோடிகள்

என் இரட்டை மகள்களுக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊரான பாலோவில் தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள். மூவார் நகரில் நடக்கவிருந்த புதிர்ப்போட்டிக்கு அவர்களையும் சேர்த்து ஆறு பேர் தயாராக இருந்தார்கள். ஆனால் இரண்டு பேர்தான் போகலாம். மறுநாள் ஆசிரியை சீட்டுக் குலுக்கி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் போவோமாம்மா?" என்று கேட்டாள் சின்னவள்.

நாள்காட்டித் தாளின் பின்புறம் ஜோடி ஜோடியாக எழுதிப் பார்த்தேன். ஆறு பேரில் இருவரைப் பதினைந்து விதமாக எடுக்கலாம். என் மகள்கள் இருவரும் சேர்ந்து வருவது அதில் ஒன்றே ஒன்று. இருவருமே இல்லாதவை ஆறு. மீதி எட்டிலும் ஒருத்தி மட்டும் இருந்தாள். பாதிக்கும் மேல். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒருநாள்கூடப் பிரிந்திருந்ததில்லை.

"ஒருத்தி மட்டும் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்றேன். மறைக்க மனம் வரவில்லை.

பெரியவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால லா. யாரு போனாலும் மத்தவ கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

சின்னவள் பெயரும் வேறொரு பிள்ளையின் பெயரும் வந்தன. போட்டியன்று காலையில் பெரியவளே அவளுக்குச் சடை பின்னிவிட்டாள். ஆசிரியை அழைத்துப்போன வேன் கண்ணைவிட்டு மறைந்ததும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, டீச்சருக்குப் போன் போடுங்க. அவ பின் சீட்ல உக்காந்திருக்கா. தலை சுத்தும்" என்றாள்.

போன் செய்தேன். ஆசிரியை உடனே அவளை முன்னால் உட்காரவைத்தார்.