இல்லாத நிலைகளின் உயரம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு பட்டியல் போட்டிருந்தேன். ஒன்று, குற்றாலத்தில் குளியல். இரண்டு, திருவிதாங்கூர் ராஜாவின் அரண்மனை. மூன்று, அரசாங்கப் பழத்தோட்டம். நான்கு, செங்கோட்டை. ஐந்து, தென்காசிக் கோயில். ஒவ்வொன்றுக்கும் எதிரே பஸ் நேரம்.

எல்லாம் பாலிடெக்னிக் விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழியாக இருந்தவளுக்காக. எழுபதுகளின் கடைசி அது. நான் வேலை பார்த்த தென்காசி அலுவலகத்திலேயே அவளுக்கும் டிராப்ட்ஸ்மேன் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும்; இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்திறங்கியவளின் கைப்பையில் வேண்டாம் என்ற கடிதம் தயாராக இருந்தது.

"கடுதாசியக் குடுத்த மாதிரியும் ஆச்சு, உன்னைப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றாள்.

எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஒரு வருடமாக வரைபட அலமாரிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஊரைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

அருவியில் கூட்டம். பெண்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம்; தலையில் தண்ணீர் விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். அரண்மனை வாசலில் பூட்டு.

"ராஜா வந்தாத்தான் தொறக்கது" என்றார் காவல்காரர்.

"எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து வரலம்மா."

கம்பிக்கதவு வழியாக ஓட்டுக்கூரையின் ஒரு மூலை தெரிந்தது. "எங்க தஞ்சாவூர் அரண்மனைல தர்பார் மண்டபமே இதவிடப் பெரிசுடி" என்றாள். பழத்தோட்டத்துக்கு ஞாயிறு விடுமுறை. வேலிக்கு வெளியே நின்று மங்குஸ்தான் மரங்களைப் பார்த்தோம். செங்கோட்டையில் ரோட்டுக்கு மேல் கல் வளைவு ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு மாட்டுவண்டியும் எங்கள் பஸ்ஸும் போயின.

"கோட்டை எங்கடி?"

"இதான்."

அவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தென்காசியில் இறங்கும்போது மணி நான்கு. சாரலில் என் பட்டியலின் மை கரைந்து, ஐந்தாம் எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எனக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்தது. அந்தக் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறேன். எப்போதோ தீப்பிடித்து இடிந்தது. மேல் நிலைகள் இல்லை, நடுவே பிளந்து இரண்டு துண்டாக நின்றது. எங்களுக்கு அது மொட்டைக் கோபுரம்.

வாசலுக்குள் காலை வைத்ததும் காற்று எதிரே வந்து எங்களைத் தள்ளியது. இன்னும் சில அடி போனதும் அதே காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளியது. அவள் நின்றுவிட்டாள். வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். மூன்றாம் தடவை வெளியே வந்தபோது அண்ணாந்து பார்த்தாள்.

"மேல எவ்வளவு போயிருக்கும்?"

"தெரியாது."

"ஒரு வருஷமா இங்க இருக்க. கணக்குப் போட்டுப் பாக்கலியா?"

வெட்கமாக இருந்தது. என் பையில் எப்போதும் செட்ஸ்கொயர் இருக்கும், படம் வரைகிற நாற்பத்தைந்து டிகிரி முக்கோணம். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சாய்ந்த விளிம்பு இடிந்த சுவரின் உச்சியைத் தொடும் வரை தெருவில் பின்பக்கமாகவே நடந்தேன். அவள் என் தோளைப் பிடித்து, சைக்கிள்களிலிருந்து காப்பாற்றினாள். தூரத்தைக் காலடியால் அளந்தோம். அதோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் சுவரின் உயரம். இரண்டு பக்கச் சாய்வையும் வரைந்து மேலே நீட்டினால், போன நிலைகள் எங்கே முடிந்திருக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும்.

வரையத்தான் காகிதம் இல்லை. பட்டியல் கையில் கூழாகிவிட்டது. அவள் கைப்பையைத் திறந்து கவரைக் கிழித்தாள். உள்ளேயிருந்த தாளைத் திருப்பி, கோயில் மதிலில் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். நான் காலடிக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விடை வந்ததும் அவள் ஒருமுறை சரிபார்த்தாள். நானும் சரிபார்த்தேன். பிறகு அந்த உயரத்துக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தூரம் நடந்தோம். பூக்கடை தாண்டிப் போயிற்று. பாத்திரக்கடை, காப்பிக்கடை எல்லாம் பின்னால் விட்டோம். இன்னும் அடிகள் மிச்சமிருந்தன. அவற்றையும் எண்ணி முடித்துவிட்டு, செட்ஸ்கொயரைக் கண்ணருகே வைத்தேன்.

சாய்வு விளிம்பு போய்த் தொட்ட இடத்தில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த சுவர் அதற்கு எவ்வளவோ கீழே, இரண்டு கைகளைப் போல நின்றது. அந்த உயரத்துக்கு ஒருகாலத்தில் சாரம் கட்டி ஆட்கள் ஏறியிருக்கிறார்கள்; கல்லும் சுதையும் சுமந்திருக்கிறார்கள். அவளிடம் செட்ஸ்கொயரைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் வெகுநேரம் கையை இறக்கவில்லை.

"என்னம்மா ரெண்டு பேரும் அண்ணாந்து பாக்கிய? அங்கன ஒண்ணும் இல்லியே!" என்றார் பூக்கூடையோடு அந்த வழியாகப் போன ஒரு ஆச்சி.

"இருந்துச்சு ஆச்சி" என்றாள் தோழி, கண்ணை எடுக்காமல்.

காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் அந்தத் தாளை மேசைமேல் விரித்தாள். ஒரு பக்கத்தில் "பணிவன்புடன்" வரை எழுதிய கடிதம். மறுபக்கத்தில் கோபுரம்.

"வேற தாள் வாங்கித் தரட்டுமா? பக்கத்துலயே கடை இருக்கு" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் தாளை நீளவாக்கில் மடித்தாள், கோபுரம் வெளியே தெரிகிற மாதிரி.

"காலடிக் கணக்கை எல்லாம் நம்ப முடியாதுடி. உங்க ஆபீஸ்ல அளக்குற டேப் இருக்குல்ல? நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"